சபைக்கு வீடு கொடுத்தவன்

செட்டிபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பிரதேச சபையின் உப அலுவலகம் எங்கே என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். அது யாருடைய வீடு என்று கேட்டால் நான் முந்திக்கொண்டு பதில் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

"என்ட வீடுதான். சபைக்கு வாடகைக்குக் குடுத்திரிக்கன்."

இதில் பாதி உண்மை. சபை வாடகைக்கு இருப்பது உண்மை. வீடு என்னுடையது அல்ல, என் மனைவி அன்னப்பூரணியுடையது. அவளுக்கு அவளுடைய அப்பா கட்டிக் கொடுத்த சீதன வீடு. உதயரூபன் என்ற பெயரில் எனக்கு இந்த உலகத்தில் சொந்தமாக இருப்பது ஒரு சைக்கிளும், போக்குவரத்துச் சபையில் கொண்டக்டராக இருந்து வாங்கிய பென்சனும்தான்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடு போகும். ஆம்பிளை உடுப்புப் பெட்டியோடு வருவான். நான் தேற்றாத்தீவில் அம்மாவின் வீட்டில் பிறந்தேன். அக்காவுக்குக் கலியாணம் நடந்த அன்றே அது அக்காவின் வீடாகிவிட்டது. அத்தான் வந்து முன் அறையில் மின்விசிறிக்குக் கீழே படுத்தார், நான் பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தைக்குப் போனேன். பிறகு எனக்கும் கலியாணம் ஆகி, அதே மாதிரி ஒரு பெட்டியோடு செட்டிபாளையத்துக்கு வந்து சேர்ந்தேன். அங்கே எவன் பாயைச் சுருட்டினானோ தெரியாது. இதைக் கேட்டு யாரும் எனக்காக உருக வேண்டாம். ஊரில் எல்லா ஆம்பிளைகளும் இப்படித்தான் வந்தவர்கள். அவர்கள் அதை நினைத்துக்கொண்டு திரிவதில்லை. எனக்குத்தான் நினைக்க நேரம் இருந்தது. கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் ஒரே வீதியில் போய்ப் போய் வந்தவனுக்கு வேறு என்ன வேலை?

பென்சனில் வந்து வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்த நாட்களில், சபையின் பழைய உப அலுவலகத்துக் கூரை ஒரு மாரி மழையில் இறங்கிவிட்டது. அவர்கள் வேறு இடம் தேடினார்கள். அன்னப்பூரணி என்னைக் கேட்காமலே முன் மண்டபத்தையும் இரண்டு அறைகளையும் கொடுத்துவிட்டாள். நாங்கள் பின்பக்கம் ஓர் அறையும் குசினியுமாக ஒதுங்கினோம். பெண்டுகளுக்கு வாடகைக் காசில் ஒரு கண்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து என் மதிப்பு ஏறியது. காலையில் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு கேற்றடியில் நிற்பேன். தெருவிளக்கு எரியவில்லை என்று வருகிறவர்களிடம், "நான் தவிசாளரிட்டச் சொல்லுறன்" என்பேன். ஒரு நாளும் சொன்னதில்லை, ஆனால் சில விளக்குகள் தாமாகவே எரிந்தன, அந்தப் பெருமையும் எனக்கே வந்தது. சபையின் விளையாட்டு விழாவில் முன் வரிசையில் இடம் தந்தார்கள். அலுவலகத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் சுவரில் கலண்டர் மாட்டுவதென்றாலும் என்னைத்தான் கேட்பார்கள். நான் பொறியியலாளர் மாதிரிச் சுவரை ஒரு பார்வை பார்த்து, "பொறுங்க, சொல்லுறன்" என்று பின்பக்கம் போய் அன்னப்பூரணியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வருவேன்.

போன வருடத் தேர்தலுக்குப் பிறகு புதிய சபை வந்தது. அதில் ஆர்த்திகா என்று ஓர் இளம் உறுப்பினர், எதையும் கேள்வி கேட்கிற பிள்ளை. சபை எத்தனை காலத்துக்கு அடுத்தவர் வீட்டில் குடியிருப்பது, அந்த வீட்டையே வாங்கிவிடலாமே என்று ஒரு பிரேரணை கொண்டுவந்தார். வாங்குவதா, வாடகைக்கே இருப்பதா என்று அடுத்த அமர்வில் முடிவெடுப்பதாகச் சொன்னார்கள்.

ஊரில் எல்லோரும் எனக்கு அதிர்ஷ்டம் அடித்துவிட்டது என்றார்கள். மகள் தனுஷா போன் எடுத்தாள். "அப்பா, வித்துப்போட்டு ரெண்டு பேரும் இஞ்ச வாங்க. ஒரு அறை சும்மாதானே இரிக்கு."

அவளுக்கு நாங்கள் தேற்றாத்தீவில் வீடு கட்டிக் கொடுத்திருந்தோம். மருமகன் ஆசிரியர், தங்கமான மனிதர். நான் போனால் உடனே ரிவி ரிமோட்டை என் கையில் தருவார். தருகிறவருடையதுதான் ரிமோட் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் உறைக்கும். நானும் அவர்கள் வழக்கமாகப் பார்க்கிற நாடகம் எதுவோ அதையே விரும்பிப் பார்ப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வேன். அவரும் என்னைப்போலப் பெட்டியோடு வந்தவர்தான், ஆனால் இளமையில் அது தெரியாது.

வீட்டை விற்றால் கடைசிக் காலத்தில் அங்கே போய் இருக்க வேண்டும். முதலில் அம்மாவின் மகன், பிறகு அன்னப்பூரணியின் புருசன், இனித் தனுஷாவின் அப்பா. மூன்றாவது வீட்டிலும் நான் யாரோ ஒருத்தியின் யாரோ. சபை வாடகைக்கு இருக்கும்வரைதான் நான் ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரன். எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்துவிட்டது. வெளியே சொல்ல வெட்கம்.

"சபை வாங்கக் கேட்டா என்ன செய்யிற?" என்று அன்னப்பூரணியிடம் கேட்டேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அவங்க முதல்ல முடிவெடுக்கட்டும். மறுகா பாப்பம்" என்றாள்.

அந்தப் பதிலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. காரியத்தை நானே கையில் எடுத்தேன். என் வாழ்க்கையில் நானே கையில் எடுத்த காரியம் எதுவும் உருப்பட்டதில்லை என்பதை அப்போது ஏனோ மறந்துபோனேன்.

சைக்கிளில் ஏறி உறுப்பினர்களைப் பார்க்கப் போனேன். மூத்த உறுப்பினர் சீனித்தம்பியிடம், "உங்களுக்கெண்டபடியாச் சொல்லுறன், கூரை ஒழுகுது" என்றேன். ஆர்த்திகாவிடம் கதவு நிலைகளில் கறையான் என்றேன். தவிசாளரிடம், மாரியில் வாவி பெருகினால் வீட்டு வளவுக்குள் தோணி விடலாம் என்றேன். வாங்கத் தகாத வீடு, வாடகைக்கு இருந்தாலே போதும் என்று அவர்கள் நினைக்க வேண்டும், அதுதான் என் கணக்கு. திரும்பி வரும் வழியில் என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். இப்படிப்பட்ட மூளையை ரிக்கற் கிழிப்பதில் வீணாக்கிவிட்டேனே என்றுகூடத் தோன்றியது.

அமர்வுக்கு வரும்படி சபையில் இருந்து வீட்டுச் சொந்தக்காரருக்கு அழைப்பு வந்தது. அன்னப்பூரணியின் பெயருக்கு வந்தது.

"நான் போய்க் கதைச்சிட்டு வாறன்" என்றேன்.

"என்னைத்தானே வரச் சொல்லியிரிக்கு. நானும் வாறன்" என்று கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள்.

சபை மண்டபத்தில் எங்களைப் பின்னால் பொதுமக்கள் இருக்கும் கதிரைகளில் இருத்தினார்கள். ஆர்த்திகா எழும்பினார். சபைக்கென்று சொந்த இடம் ஏன் வேண்டும் என்று நன்றாகத்தான் பேசினார். எனக்கே வாங்கினால் என்ன என்று தோன்றுமளவுக்குப் பேசினார். பிறகு, "ஆனா ஒண்டை மறைக்க ஏலா. அந்த வீட்டில கறையான் இரிக்காம். உதயரூபன் ஐயாவே சொன்னார்" என்றார்.

சீனித்தம்பி திரும்பினார். "கறையானா? எனக்குக் கூரை ஒழுகுதெண்டெல்லோ சொன்னவர்."

தவிசாளர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னட்ட வெள்ளம் எண்டார்."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேலே மின்விசிறியைப் பார்த்தேன். தனித்தனியாகச் சொன்னபோது சின்னச் சின்னக் குறையாக இருந்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்தபோது, என் கண்முன்னே வீடு இடிந்து வாவியில் மிதந்து போனது.

"அப்பிடியெண்டா வாங்கவும் வேணாம், வாடகைக்கு இரிக்கவும் வேணாம்" என்றார் சீனித்தம்பி. "நம்மட பிள்ளைகள் அதுக்குள்ள வேலை செய்யிறாங்க. நாளைக்கு ஒண்டு நடந்தா ஆரு பொறுப்பு? வேற இடம் பாத்து எழும்புவம்."

பலர் தலையாட்டினார்கள். நான் எழும்பிவிட்டேன். பொதுமக்கள் பேசக்கூடாதாம், தவிசாளர் இரங்கி அனுமதித்தார்.

"ஐயா, அவ்வளவு மோசமில்ல" என்றேன்.

"அப்ப எவ்வளவு மோசம்?"

"ஒழுக்கு கொஞ்சம்தான். கறையானும் ஒரு கதவிலதான். அதுவும் பழைய கறையான்."

மண்டபம் சிரித்தது. செயலாளர்கூட முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும் தவிசாளர் கேட்டார். "வீடு உங்கட பேரிலயா இரிக்கு?"

பஸ்ஸில் எத்தனையோ பேரை ரிக்கற் இல்லாமல் பிடித்திருக்கிறேன். பிடிபடுகிறவனுக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. "மனைவிட பேரில" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன்.

அன்னப்பூரணி எழும்பினாள்.

"எங்கட வீட்டில ஒழுக்கும் இல்ல, கறையானும் இல்ல. பெரிய வெள்ளத்துக்கும் வாசப்படியோட தண்ணி நிண்டுது. வேணுமெண்டா ஆள் அனுப்பிப் பாருங்க" என்றாள்.

"பின்ன ஏன் அம்மா ஐயா அப்பிடிச் சொன்னவர்?" என்று ஆர்த்திகா கேட்டார்.

அன்னப்பூரணி என்னைப் பார்த்தாள். அவருக்குப் புத்தி சரியில்லை, விசர் என்று சொல்லிவிட்டால் போதும், விஷயம் முடிந்துவிடும், நானும் அதை மறுக்கமாட்டேன். அவள் அப்படிச் சொல்லவில்லை.

"நீங்க வாங்கிப் போடுவீங்க எண்டு அவருக்குப் பயம். வித்தா மகள்ட வீட்ட போகணுமே. என்னைக் கலியாணம் கட்டி வந்த நாளில இருந்து, இவர் அந்த வீட்டில ஒரு கதிரையில சாஞ்சு இரிந்தத நான் காணல்ல. நுனியிலதான் இரிப்பார். ஆரும் வந்து எழும்பச் சொல்லுவாங்க எண்ட மாதிரி. உங்கட வீடுதான் இது எண்டு நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தன். ஒரு நாளும் 'என்ட வீடு' எண்டு இவர்ட வாயில வரல்ல. நீங்க வாடகைக்குக் கேட்டு வந்த அண்டைக்குத்தான் முதல்முதலாச் சொன்னார். உங்கட செயலாளரிட்ட, 'என்ட வீட்டை வந்து பாருங்க' எண்டார். நான் குசினிக்குள்ள இரிந்து கேட்டன். அதுக்காகத்தான் முன்வீட்டைக் குடுத்தன். காசுக்காக இல்ல."

கொஞ்சம் யோசித்து, "காசும் உதவினதுதான்" என்று சேர்த்துக்கொண்டாள்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"அதால விக்க ஏலா. இரிக்கிறதெண்டா வாடகைக்கு இரிங்க. எழும்புறதெண்டா எழும்புங்க. அது உங்கட முடிவு" என்று சொல்லிவிட்டு இருந்தாள்.

நான் செயலாளரிடம் அப்படிச் சொன்னது எனக்கு நினைவில்லை. இத்தனை வருடமாக ஊரை நான் ஏமாற்றிக்கொண்டிருப்பதாக எண்ணியிருந்தேன். எனக்குத் தெரியாமல், நான் ஏமாற்றுவதற்கென்று ஒருத்தி தன் வீட்டில் பாதியைக் காலி செய்து கொடுத்து, பின்பக்கத்து ஒற்றை அறைக்குள் ஒதுங்கி இருந்திருக்கிறாள். வாடகைக் காசில் கண் என்று அவளை நினைத்தேனே என்று எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லலாம், ஆனால் அந்த மண்டபத்தில் ஏற்கெனவே நிறையப் பொய் சொல்லிவிட்டேன்.

கொண்டக்டர் வேலை பார்த்தவன், நின்றே பழகியவன், கதிரை நுனியில் இருப்பது அதனால்தான் என்று மனதுக்குள் ஒரு சாக்குத் தேடினேன். பிறகு குனிந்து பார்த்தேன். சபையின் பிளாஸ்ரிக் கதிரையிலும் நுனியில்தான் இருந்தேன்.

முன்னால் ஆர்த்திகா தன் பிரேரணையைத் திருத்தி, இப்போதைக்கு வாடகையை நீடிப்போம், சபைக்குக் காணி ஒன்றைப் பிறகு ஆறுதலாகத் தேடுவோம் என்றார். சீனித்தம்பி வழிமொழிந்தார். கைகள் உயர்ந்தன. யார் யார் உயர்த்தினார்கள் என்று நான் பார்க்கவில்லை. மெதுவாகப் பின்னுக்குத் தள்ளி, முதுகைக் கதிரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதிரை கிரீச்சிட்டது, நான் பதறி மறுபடி முன்னுக்கு வரப் பார்த்தேன்.

அன்னப்பூரணி தவிசாளரைப் பார்த்தபடியே என் தோளில் கையை வைத்தாள்.

"சாஞ்சு இரிங்க" என்றாள். "ஒருத்தரும் எழும்பச் சொல்லமாட்டாங்க."