கெங்சாம் அண்ணனின் பழுக்காத கூடை

எங்கள் தெருவில் மின்விசிறி ரிப்பேர் கடை ஒன்றே ஒன்றுதான். அதை வைத்திருக்கும் பூன் கெங்சாம், விசிறியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, "இது எதுக்குப்பா உனக்கு?" என்றுதான்.

"வேகுதுண்ணே. ராத்திரி தூங்க முடியல."

"சூடா ரெண்டு கிண்ணம் டீ குடி. நல்லா வேர்க்கும். வேர்த்த உடம்புல ஆத்துக் காத்து பட்டா எந்த விசிறியும் கிட்ட நிக்காது."

சொல்லிக்கொண்டே விசிறியையும் வாங்கி வைத்துக்கொள்வார். இப்படி ஒரு வியாபாரியைத் தென்சீனாவில் எங்கள் வூசோ ஊரில் வேறு எங்கும் பார்க்க முடியாது. நான் அவருக்குப் பக்கத்துக் கடை. ஆமையோட்டு மூலிகைக் களி செய்து, குளிர வைத்து, தேன் ஊற்றி விற்கிறேன். வெயில் காலத்தில்தான் என் பிழைப்பே. அந்த வெயில் காலத்தில்தான் இந்த மனுஷன் என் கடை வாசலை ஒட்டி ஒரு அண்டாவை வைத்து, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் ஓசியில் டீ ஊற்றுவார். தர்மமாம். எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

அவர் டீ என்றால் லியூபாவ் மலைத் தேயிலை. ஊற வைத்து, புளிக்க வைத்து, ஆவி காட்டி, மூங்கில் கூடையில் மிதித்து அழுத்தி, வருஷக்கணக்கில் மூலையில் போட்டு வைப்பது. புதுக் கூடையைப் பிரித்தால் நனைந்த சாக்கு வாடை அடிக்கும். பழுத்த கூடை என்றால் பாக்கு வாசனை வரும். எங்கள் ஊரில் எல்லோரும் குடிப்பதுதான். ஆனால் அவருக்கு அது குடிக்க மட்டும் இல்லை. ஆறின டீயைச் சோற்றில் ஊற்றி, உப்பு முள்ளங்கியைக் கடித்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டை முடிப்பார். வேர்க்குரு வந்த குழந்தை அழுதால் குளிப்பாட்ட ஒரு வாளி டீயோடு போய் நிற்பார். சக்கையைக் காய வைத்துச் செருப்புக்குள் போடுவார், தலையணையில் அடைப்பார். எது எதற்குள் போனது என்று கேட்கக் கூடாது.

அவர் மகள் ஹியூலாம். டவுன் பஸ் ஓட்டுகிறாள். ஆம்பிளை டிரைவர்கள் தயங்குகிற சந்தில் கண்ணாடி உரசாமல் திருப்புவாள். அவள் பிறந்த வருஷம் அவள் அம்மா, லியூபாவ் மலைக்காரி, தன் கையாலேயே ஒரு கூடை தேயிலையை அழுத்திச் சிவப்புக் கயிறு கட்டி வைத்தாள். மகள் கல்யாணத்தில் பெரியவர்களுக்கு மண்டியிட்டுக் கொடுக்கும் டீ அதிலிருந்துதான் போட வேண்டும் என்பது ஏற்பாடு. மகளுக்குப் பல் விழுந்து முளைப்பதற்குள் அந்த அம்மா கண்ணை மூடிவிட்டாள். நல்ல மனுஷி. என்னைவிட வாய் அதிகம், அதனாலேயே எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

அன்றிலிருந்து கெங்சாம் அந்தக் கூடையைக் காவல் காத்தார். "இதைத் திறக்கிற அன்னைக்குத்தான் என் பொண்ணுக்குக் கல்யாணம்" என்று தெருவில் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. பெண் வளர்ந்தாள், கேட்டு வந்தார்கள். ஒருவன் டீயில் ஐஸ் கேட்டான், போச்சு. இன்னொருவன் பாதியை வைத்துவிட்டு எழுந்தான், அவனும் போனான்.

கடைசியில் வந்தவன் கிட்மான். அடுத்த தெருவில் வீடு, தர்பூசணி லாரி ஓட்டுகிறான். ஹியூலாமே பார்த்துப் பிடித்த பையன். கொளுத்துகிற மத்தியானத்தில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கொடுத்த டீயை மூன்று கிண்ணம் இழுத்துக் குடித்துவிட்டு, "இன்னொண்ணு ஊத்துங்க மாமா" என்றான்.

குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. "ரொம்ப வேகமாக் குடிக்கிறான்" என்றார் என்னிடம்.

"மெதுவாக் குடிச்சா சோம்பேறின்னுவீங்க" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் பிடித்துக்கொண்ட சாக்குதான் கூடை. ஹியூலாம் கல்யாணப் பேச்சை எடுக்கும்போதெல்லாம், "கூடை இன்னும் பழுக்கலம்மா. உங்கம்மா வெச்சது. பழுக்காம எப்படித் திறக்கிறது?" என்பார். கயிற்றைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் பழுக்கவில்லை என்று எப்படித் தெரியும்? அம்மா பேரைச் சொன்னால் அந்தப் பெண் வாயை மூடிக்கொள்ளும். அந்த வருஷமும் கேட்டாள், அதே பதில். அவள் என் கடையில் வந்து உட்கார்ந்து களியைக் குத்திக் குத்திக் கூழாக்கிவிட்டாள்.

"எனக்கு வேற வழியில்லை அத்தை. அப்பா சரின்னு சொல்லாமப் போக மாட்டேன். அவரும் சொல்ல மாட்டார்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அண்டாவை ஆற்றில் தள்ளியிருப்பேன்.

அந்த ஆனியிலேயே ஆறு தெருவுக்குள் வந்தது. வருஷா வருஷம் வருகிற விருந்தாளிதான், அலறுகிறவர் யாரும் இல்லை. கீழ்த்தளத்துச் சாமான்களை ஆள் மாற்றி ஆள் கைமாற்றி மாடியில் ஏற்றுவோம், மாடிக் கதவில் படகைக் கட்டிக்கொண்டு காய்கறி வாங்குவோம். கெங்சாமின் கடை விசிறிகளும் அன்றாடத் தேயிலைக் கூடைகளும் அப்படித்தான் மேலே போய்க் குவிந்தன. தண்ணீர் வடிந்து, சேற்றைத் தள்ளிக் கழுவி முடித்தோம். உடனே வெயில் பிடித்துக்கொண்டது.

அப்படி ஒரு வெயிலை நான் கண்டதில்லை. தெருநாய்கள் என் ஐஸ் பெட்டியின் நிழலை விட்டு நகர மறுத்தன. ஒரு நாள் மத்தியானம் கரண்டும் போய்விட்டது. தெருவே வீட்டை விட்டு, கடைகளுக்கு முன்னால் ஓடும் தூண் நடைக்கு வந்து உட்கார்ந்தது. ஐஸ் உருகி என் களி கொழகொழவென்று ஆனது. அண்டாவோ காலியாகிக்கொண்டே இருந்தது. சுமை இறக்குகிறவர்கள், ஆட்டோக்காரர்கள், பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு வந்த ஹியூலாம் என்று ஆளாளுக்குக் குவளையோடு வரிசை கட்டினார்கள். கெங்சாமுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மாடிக்கு ஓடி, இருட்டில் கைக்கு வந்த கூடையை இறக்கி, பிளந்து, கொதிக்கிற தண்ணீரில் அள்ளிப் போட்டார்.

ஊற்றினார். குடித்தார்கள். அந்த வெயிலில் யாருக்கு ருசி தெரியும்? ஏறக்குறைய எல்லோரும் குடித்து முடித்த பிறகுதான் படகுத்துறையில் மூட்டை தூக்கும் நுங் கிழவர் குவளையைக் கீழே வைக்காமல் நின்றார்.

"கெங்சாம், என்னடா இது?"

"என்ன, கசக்குதா?"

"கசக்கிறதாவது! தொண்டையில இனிப்பு நிக்குது. பாக்கு வாசம் மூக்கைத் துளைக்குது. எங்கேர்ந்துடா எடுத்த இந்தக் கூடையை?"

கெங்சாம் அண்டாவுக்கு மேலே குனிந்தார். ஆவி முகத்தில் அடித்தது. கரண்டி கையிலிருந்து நழுவி உள்ளே விழுந்தது. பிறகு ஓடிப்போய்க் கூடையைப் புரட்டிப் பார்த்தார். கயிறு இல்லை. கயிறு எங்கே? வெள்ளத்தன்று ஒரு மேசை விசிறி தண்ணீரில் விழப் பார்த்தபோது, மாடியில் பக்கத்தில் இருந்த கூடையிலிருந்து கைக்கு அகப்பட்ட கயிற்றை அவிழ்த்து அதை ஜன்னலில் கட்டியவர் அவரேதான். அந்த விசிறி இன்னும் சிவப்புக் கயிற்றோடு ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ! என் பொண்டாட்டி வெச்சது! பொண்ணு கல்யாணத்துக்குன்னு வெச்சது! இந்தத் தடியன்களுக்கா ஊத்தினேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் இப்போது விட்டால் இந்த ஜென்மத்தில் நடக்காது.

"ஏன் அண்ணே, அது இன்னும் பழுக்கலைன்னீங்களே?" என்றேன் சத்தமாக.

நுங் கிழவர் சிரித்தார். "இதுவா பழுக்கல? இதுக்கு மேல பழுத்தா மரத்துலேர்ந்து விழுந்துடும்!"

"கூடையைத் திறந்தாச்சு, தெருவே குடிச்சாச்சு. மாப்பிள்ளை எங்கய்யா?" என்று யாரோ கத்தினார்கள்.

மாப்பிள்ளை வரிசையின் கடைசியில், தர்பூசணிச் சாறு படிந்த பனியனோடு, ஒன்றும் புரியாமல் குவளையை நீட்டிக்கொண்டு நின்றான். ஹியூலாம் அவன் கையிலிருந்து குவளையைப் பிடுங்கினாள். அண்டாவைச் சாய்த்து அடியில் இருந்ததை வழித்து ஊற்றினாள். அவனை இழுத்துக்கொண்டு வந்து, அப்பாவுக்கு முன்னால், அந்தச் சுடுகிற கல்தரையில் மண்டியிட்டாள். அவனும் தடாலென்று பக்கத்தில் விழுந்தான்.

"அப்பா, டீ குடிங்க."

அவர் குவளையை வாங்கினார், ஆனால் வாய்க்குக் கொண்டு போகவில்லை.

"குடிச்சா நீ போயிடுவ" என்றார். "அப்புறம் அந்த வீட்டுல நானும் விசிறியும்தான்."

இத்தனை வருஷமாகப் பழுக்காமல் இருந்தது எது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேர்வை என்று துடைத்துக்கொண்டேன்.

"அடுத்த தெருதாம்ப்பா" என்றாள் ஹியூலாம். அவளும் அழுதாள். "மாடி ஜன்னல்லேர்ந்து கூப்பிட்டாக் கேக்கும்."

"நான் ஒண்ணும் கூப்பிட மாட்டேன்."

"மாமா, சீக்கிரம் குடிங்க. முட்டி வேகுது" என்றான் கிட்மான்.

"பாத்தீங்களா, இவனுக்கு எதுலயும் அவசரம்!" என்று எங்களிடம் புகார் சொல்லிவிட்டு, கெங்சாம் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். தெரு போட்ட கூச்சலில் ஆற்றங்கரைக் கொக்கெல்லாம் பறந்து போயின. அந்தச் சமயம் பார்த்துக் கரண்டும் வந்தது. ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை.

உச்ச வெயில் ஓய்வதற்குள்ளேயே கல்யாணத்தை முடித்தோம். வந்தவர்களுக்கு என் களிதான், தேன் தாராளமாக ஊற்றினேன். மறுநாள் விடிந்தும் விடியாததுமாக மாடி ஜன்னல் படீரென்று திறந்தது.

"கிட்மான்! டேய் கிட்மான்! அண்டாவை அடுப்புல ஏத்த ஆள் இல்லடா! சீக்கிரம் வா!"

செருப்புக்கூடப் போடாமல் அவன் சந்தில் ஓடி வருவது தெரிந்தது. அண்டாவோ எப்போதோ அடுப்பில் ஏறிக் கொதித்துக்கொண்டிருந்தது. தனியாளாகத் தூக்கி வைத்தவர் அவரேதான், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை.