முசே வந்த வெள்ளிக்கிழமை

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் அண்ணாந்து பார்ப்பார்கள். மேலே கொக்கி இருக்கும், ஃபேன் இருக்காது. நேற்று கேஸ் அடுப்பைச் சரிசெய்ய வந்த தம்பியும் பார்த்தார். சித்திரை வெயிலில் எங்கள் ஊர் ஏம்பலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கழுத்தைத் துடைத்துக்கொண்டே, ஃபேன் ரிப்பேரா என்று கேட்டார். மூலையில் வலை கட்டி வைத்திருக்கும் டேபிள் ஃபேனை அவர் பக்கம் திருப்பிவிட்டு, கிளி பறக்கும், இறக்கை மாட்டிக்கொள்ளும் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். நானும் அப்படிப் பார்த்தவன்தான்.

கிளி என்றால் நம் வயலில் வந்து நெற்கதிரைக் கத்தரித்துப் போடுமே, அந்தப் பச்சைக்கிளி இல்லை. பஞ்சவர்ணக்கிளி. முதுகு நீலம், வயிறு மஞ்சள், வாலையும் சேர்த்தால் என் கை நீளம். நாம் கருங்கல்லை வைத்து உடைக்கிற பாதாங்கொட்டையை அலகாலேயே உடைத்துவிடும். பெயர் முசே. பழைய புதுச்சேரியில் பெரிய மனிதர்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். பிள்ளையார்குப்பத்தில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் வளர்த்தது. என் மனைவி கலா அவர் வீட்டில்தான் வேலை பார்த்தாள். சமைப்பாள், வீடு துடைப்பாள், கூண்டையும் கழுவுவாள். முசே யாரைத் தன் ஆளென்று முடிவுசெய்தது என்பதை நீங்களே ஊகிக்கலாம். காய்ச்சல் என்று கலா லீவு போட்டால் போதும், நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அந்த நர்ஸ் அம்மா, கலா வாயில் அவர் எப்போதும் சிஸ்டர், பிரான்சில் இருக்கும் மகனோடு போய் இருப்பதென்று முடிவெடுத்தார். முசேவை எங்களுக்கே தருவதாகச் சொன்னார், ஆனால் வீடு அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கடற்கரைச் சாலையில் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற பறவைப் பண்ணைக்குக் கொடுத்துவிடுவார். அன்றிலிருந்து கலா தட்டில் கையை வைப்பாள், எழுந்து போய்விடுவாள்.

"அங்க போனா அது செத்துப்புடும்" என்றாள் ஒருநாள். அதற்கு மேல் அழக்கூட இல்லை. அழுதிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

கம்பெனி வேன் ஓட்டுகிற நான் கிளிக்குப் பெண் வீட்டுக்காரன் போல ஓட ஆரம்பித்தேன். பெயின்ட் அடித்த கம்பியைக் கடித்தால் ஆபத்து என்று சிஸ்டர் சொன்னதால், வில்லியனூர் கிரில் பட்டறையில் எவர்சில்வர் கம்பியில் கூண்டு செய்யச் சொன்னேன். பட்டறைக்காரர் அளவைக் கேட்டுவிட்டு, "இன்னாண்ணே, புலி வளக்கப் போறியா?" என்றார். ஃபேனைக் கழற்றினேன். நான்ஸ்டிக் தவா காய்ந்தால் வரும் ஆவி ஆகாதாம், அது பக்கத்து வீட்டுக்குப் போனது. எல்லாவற்றையும்விடப் புகைதான் எமன் என்று சிஸ்டர் பார்க்கும்போதெல்லாம் சொன்னார். கொசுவத்தி போய் கொசுவலை வந்தது. என் பீடியும் போனது, அதற்குப் பதிலாக ஒன்றும் வரவில்லை. பின்பக்கத்துக் கரும்புக் கொல்லையில் வெட்டு முடிந்து சோகை, கழித்துப் போட்ட கரும்பு இலை, காய்ந்து கிடந்தது. அதைக் கொளுத்துவதைத் தள்ளிப்போடச் சொல்லி கொல்லைக்காரரிடம் நடையாய் நடந்தேன். ஒரு கிளிக்காகவா என்று சிரித்துவிட்டு, சரி என்று சொன்னார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

வீட்டில் அம்மா இருந்தார். கிளியைப் பற்றி வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. யார் பேச்சையும் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷி.

முசே வருவதாக ஏற்பாடான வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் கொல்லை வரப்பில் நின்று, யாராவது தீப்பெட்டியோடு வருகிறார்களா என்று காவல் காத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டு ஓடினேன். கலா முசேவின் சின்னக் கூண்டைத் தூக்கிக்கொண்டு படியேறி உள்ளே போயிருந்தாள். கூடம் முழுக்க வெள்ளையாகப் புகை.

சாம்பிராணி. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா போடுவது. சாமிக்குக் காட்டிவிட்டு அப்பா படத்துக்குக் காட்டுவார். கொசுவத்தி, பீடி, சோகை என்று ஊர்ப் புகையையெல்லாம் தேடித்தேடி நிறுத்திய எனக்கு இது தோன்றவே இல்லை. கலாவுக்கும் தோன்றவில்லை. சாம்பிராணியைப் புகை என்று யார் நினைப்பார்கள்?

முசே கத்தவில்லை. அலகைத் திறந்தபடி, வால் மேலும் கீழும் போக, மூச்சுக்குத் திணறியது. கலா கூண்டோடு பின்கட்டு வழியாக ஓடி வேப்பமரத்தடியில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பின்னாலேயே வந்த சிஸ்டர் திட்டக்கூட இல்லை.

"இங்க சரிவராது கலா. வண்டியில ஏத்து" என்றார்.

கலா எழுந்திருக்கவில்லை. அப்போது தூபக்காலும் கையுமாக அம்மா வந்து நின்றார். போச்சு, இனி ரகளைதான் என்று நினைத்தேன். அம்மா குனிந்து கிளியையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மொத மொதல்ல வூட்டுக்கு வருதேன்னு கூடக் கொஞ்சம் போட்டன்" என்றார் சிஸ்டரிடம்.

பிறகு தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு தூபக்காலில் ஊற்றினார். வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம், கனிந்த நெருப்பில் தண்ணீர். அதை அம்மா கையால் நான் பார்ப்பேன் என்று நினைத்ததே இல்லை.

"அவருக்கு இனிமே மூச்சு எதுக்கு? இதுக்குத்தான வேணும்" என்றார், உள்ளே அப்பா படம் இருக்கும் பக்கம் தலையை ஆட்டி.

சிஸ்டர் ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு கலா பக்கத்தில் உட்கார்ந்தார். இருட்டும் வரை மூவரும் கிளியின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வால் ஆட்டம் மெல்லமெல்ல அடங்கியது. வீட்டுக்கதவு ஜன்னலெல்லாம் திறந்து நான் புகையை விரட்டி முடித்தபோது, சிஸ்டர் தீனிப்பையைக் கலா மடியில் வைத்துவிட்டு, முசேவின் தலையைத் தடவிவிட்டு, தனியாகப் போய் ஆட்டோவில் ஏறினார்.

போன தை மாதம் அம்மா தவறிவிட்டார். காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்களுக்கு, படத்துக்குச் சாம்பிராணி காட்டவில்லையே என்று பெரிய குறை. அம்மா படம் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை பூ வைக்கிறோம், அவ்வளவுதான். முசே இன்னும் பல வருஷம் இருக்குமாம். அதற்குள் நாங்கள் படமாகிச் சுவரில் ஏறினாலும் இதே மரியாதைதான்.

ஆனால் உங்களிடம் சொல்ல என்ன, முன்பெல்லாம் அம்மா புடவையில், தலைமுடியில், அவர் மடித்துக் கொடுக்கும் என் சட்டையில்கூட அந்தச் சாம்பிராணி வாசனை இருக்கும். பீரோவைத் திறந்து அவர் புடவைகளை முகர்ந்து பார்த்தேன். ஒன்றிலும் இல்லை.