முள்ளில்லாத கள்ளி

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் கொழுந்து பறித்தவள் இராக்கம்மா. வயதாகித் தோட்டத்துக் கணக்கில் பேர் வெட்டி வீட்டோடு உட்கார்ந்த பிறகு அவளுக்குப் பிடித்த பைத்தியம் கள்ளி. பழைய பெயின்ட் வாளி, உடைந்த குடம், பால்மா டின் என்று கிடைத்ததிலெல்லாம் மணலும் செங்கல் தூளும் கலந்து லயத்து வீட்டு வாசலில் பதினோரு கள்ளி வைத்திருந்தாள். உருண்டைக் கள்ளி தலையைச் சுற்றி ரோஸ் நிறத்தில் பூக்கும். இன்னொன்றின் மஞ்சள் பூ காலையில் விரிந்து வெயில் சாயும்போது சுருங்கிவிடும். அது பூக்கிற அன்றைக்கு அவள் கடைக்குக்கூடப் போகமாட்டாள். மழை இருட்டினால் முதலில் கள்ளிகள்தான் தகரக் கூரையடிக்கு வரும். புருஷன் ரெங்கசாமி நனைந்து வந்தால், "துண்ட எடுத்துத் தொடச்சிக்கங்க" என்பதோடு சரி.

ஒன்று மட்டும் பூக்கவில்லை. பதுளையில் நூலும் பட்டனும் விற்கும் கடைக்காரி ஸகீனா கொடுத்த டிசம்பர்க் கள்ளி அது. முள் கிடையாது. தட்டையான துண்டுகள் ஒன்றோடொன்று கோத்துத் தொங்கும். டிசம்பரில் நுனிக்கு நுனி சிவப்பாகப் பூக்க வேண்டும். ஸகீனா வீட்டில் பூத்தது. இங்கே மூன்று வருடமாக வெறும் பச்சை.

பதுளைக்குப் போகும்போதெல்லாம் ஸகீனா கேட்பாள், "அக்கா, பூத்துச்சா?" இல்லை என்று சொல்லிச் சொல்லி இராக்கம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. தன் கைக்கு ராசியில்லை என்று நினைத்துவிடுவாளோ என்று பயம் வேறு. போன வருடம் தெரிந்தே சொன்னாள், "ஆமா தங்கச்சி, இருவது பூ." பொய் என்று ஆன பிறகு இருபதில் என்ன கஞ்சத்தனம்.

இந்த டிசம்பரில் மாட்டிக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை வாறேன் அக்கா, என்ட கண்ணால பாக்கணும்" என்றாள் ஸகீனா. இராக்கம்மாவுக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. செடி செத்துப்போச்சு என்று சொல்லிவிடலாமா என்றும் யோசித்தாள். பச்சையாக நிற்பதைச் செத்ததென்று சொல்ல வாய் வரவில்லை.

ஸகீனா வட்டிலப்ப இனிப்போடு வந்தாள். செடியை மறைத்தாற்போல் பக்கத்தில் நின்றுகொண்டு, பஸ்ஸில் கூட்டமா, பிள்ளைகள் சுகமா என்று இராக்கம்மா மூச்சு விடாமல் கேட்டாள். பதில் சொல்லிக்கொண்டிருந்த ஸகீனா பாதியில் நிறுத்தி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்ன செய்றீங்க அக்கா?"

"நா என்னா செஞ்சேன்?"

"கைய விரிங்க."

விரித்தாள். உள்ளங்கையில் ஏழு சிவப்பு மொட்டு, நெல்லளவில். வாய் பேசிக்கொண்டிருக்க, விரல்கள் பாட்டுக்கு இளசான நுனிகளைத் தேடிக் கிள்ளியிருந்தன. முப்பத்து நான்கு வருடத்துப் பழக்கம். கிள்ளுவது அவளுக்கே தெரியாது. மற்றக் கள்ளிகள் தப்பியது முள் இருந்ததால்தான்.

மூன்று வருடமாகச் செடியைத் திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்து இராக்கம்மாவுக்கு அழுகை முட்டியது. ஸகீனாவுக்கோ சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து ஓய்ந்த பிறகுதான் கேட்டாள்.

"அப்ப போன வருஷம் இருவது பூன்னீங்க?"

இராக்கம்மா ஏழு மொட்டையும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"பொய் தங்கச்சி. ஒன்னுகூடப் பூக்கல. நா பூக்க விட்டாத்தானே."