படகுத்துறையில் பெயர் கூப்பிடுதல்

சுற்றுலாப் படகில் கயிறு கட்டுகிறவனின் தொழில், ஊர் பார்க்க வந்தவர்களைத் தண்ணீரில் விழாமல் ஏற்றித் தண்ணீரில் விழாமல் இறக்குவது; இடையில் இருக்கிற ஊரைப் பற்றி அவனிடம் யாரும் கேட்பதில்லை. கொலோன் நகரில், றைன் நதிக்கரையில், இரட்டைக் கோபுரத் தேவாலயத்துக்குக் கீழே ஒன்பது கோடைகாலம் இந்த வேலை பார்த்தேன். வந்த உறவினருக்கெல்லாம் அந்தக் கோபுரத்தைக் காட்டிக் காட்டிக் கழுத்து நொந்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், எங்களுக்கு இழைக்கப்பட்டவற்றை வரிசை பிசகாமல் சொல்லிவிடுகிறேன். முதலாவது: என் அகதி விண்ணப்பத்தை நிரப்பிய அலுவலர், என் தகப்பனாரின் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டார். அன்றிலிருந்து இந்த நாட்டில் என்னைக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும், எப்போதோ செத்துப்போன கந்தையாவைத்தான் கூப்பிடுகிறார்கள். இரண்டாவது: படகுத்துறையில் சேர்ந்த அன்று மேலாளர் கெஸ்லர், பரராசசிங்கம் என்ற என் பெயரைப் பார்த்துவிட்டுக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். மூன்றாவது: அடுத்த திங்கட்கிழமை சட்டையில் குத்தும் பெயர்ப்பட்டி வந்தது, அதில் ‘பவுல்’ என்று இருந்தது. நான்காவது: நான் கொடுத்த ஆட்சேபனைக் கடிதத்தைப் பணியாளர் குழுவின் தலைவரே நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, இதெல்லாம் ஒரு பிரச்சினையா பவுல் என்று கேட்டார். ஐந்தாவதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது எனக்கு நடக்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு நடந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது ஐந்தாம் வகுப்பு. மிச்சத்தைப் படித்தது சுருட்டுக் கொட்டிலில். ஒருவர் துண்டுப்பிரசுரத்தை உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுருட்டிக்கொண்டே கேட்போம். ஒடுக்கப்பட்ட சாதியாரும் தேநீர்க்கடைக்குள் உட்கார்ந்து குடிக்கும் உரிமைக்காக அடி வாங்கியவன் நான். பவுலையும் கந்தையாவையும் விழுங்கிக்கொண்டேன். பிள்ளைகளின் விஷயத்தை விழுங்குவதாக இல்லை.

பவுல் என்றொரு ஆள்

கெல்சென்கிர்ச்சனில் இருக்கும் தவம் என் மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி. அவன் வீட்டுக்கு ஊரிலிருந்தோ லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ யார் வந்தாலும், மூன்றாம் நாள் கொலோனுக்கு ரயில் ஏற்றிவிடுவான். மிச்சத்தை அத்தான் பார்த்துக்கொள்வார் என்பது அவனுடைய ஏற்பாடு. அத்தானுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வேலை அதிகம் என்பதை ஒன்பது வருடத்தில் அவன் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஒருமுறை கனடாவிலிருந்து வந்த அவனுடைய மூத்த அக்கா, பேரப்பிள்ளைகள் நாலு பேரோடு, பயணச்சீட்டு விற்கும் ரிக்கற் கூண்டுக்குப் போய்ப் பரராசசிங்கத்தைக் கேட்டிருக்கிறார். அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். ஒல்லியாக, மீசை வைத்து, எந்த நேரமும் யாரோடாவது தர்க்கம் செய்துகொண்டிருக்கும் ஆள் என்று அடையாளம் சொன்ன பிறகு, ஓ, பவுலா என்று என்னைக் காட்டினார்களாம். அக்கா வந்து என் சட்டையில் இருந்த பட்டியை உற்றுப் பார்த்தார். பிறகு சொன்னார்: “எப்ப தம்பி கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினனீர்? எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை.”

முதுகுக்குப் பின்னால் கோபுரம்

ஊரிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்த ஒரு தாய், படகு புறப்பட்டதிலிருந்து திரும்பி வந்து கட்டும்வரை நதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருவர் வாயிலும் புட்டும் முட்டைப்பொரியலும் தீத்திக்கொண்டிருந்தார். தேவாலயம் போனது, பாலம் போனது, சொக்கலேற் செய்கிற கட்டடம் போனது. வெளியிலிருந்து கொண்டுவந்த உணவைப் படகில் உண்ணக்கூடாது என்று அறிவிப்பு இருக்கிறதே என்று கெஸ்லர் என்னைப் பிடித்தார். பெரியவர் ஒருவரும் உண்ணவில்லை. பிள்ளைகளைப் பட்டினி போடச் சொல்லி அறிவிப்பில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் அறிவிப்பை வாசிக்கப் போனார். அதற்குள் புட்டு முடிந்துவிட்டது.

இறங்கும்போது, கொலோன் எப்படி என்று அந்தத் தாயிடம் கேட்டேன். பெட்டியை மூடிக்கொண்டே முழுத் திருப்தியோடு சொன்னார்: “நல்ல இடம் அண்ணை. ரெண்டும் மிச்சம் விடாமல் சாப்பிட்டுதுகள்.”

நீலத் தொப்பி

இதுதான் அந்த ஐந்தாவது. போர்நிறுத்தத்தில் யாழ்ப்பாணப் பாதை திறந்து, சனம் விசா எடுத்து வரத் தொடங்கிய கோடை. தவத்தின் நண்பன் செல்வம், ஐந்து வயது மகனோடு வந்திருந்தான். மூன்று மணிப் படகில் நான் நதியில் இருந்தபோது, கரையில் நின்ற பையன் கூட்டத்தில் தொலைந்துபோனான். ஒரு கிழவர் அவனைக் கூட்டிக்கொண்டு போய் ரிக்கற் கூண்டில் விட்டிருக்கிறார். அங்கே இருக்கும் திருமதி பெக்கர்தான் ஒலிபெருக்கியில் அறிவிப்பவர். பையன் தன் பெயரை மூன்று தரம் தெளிவாகச் சொன்னானாம். ஆனால் கெஸ்லர் போட்ட விதி ஒன்று இருந்தது: கடினமான பெயர்களை வாசித்து நேரத்தைக் கெடுக்கக்கூடாது, ஆளை வர்ணித்தால் போதும். ஆகவே திருமதி பெக்கர், நீலத் தொப்பி போட்ட சிறிய இந்தியப் பையன் ஒருவன் காத்திருக்கிறான் என்று அறிவித்தார்.

வால்டோர்ஃப் நகரிலிருந்து வந்திருந்த ஒரு தமிழ்நாட்டுக் கணினிப் பொறியாளர் அதைக் கேட்டுப் பதறி ஓடிவந்து, தன் இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டே, இது எங்க பையன் இல்லீங்களே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். செல்வமும் தவமும் முப்பது அடி தள்ளி ஐஸ்கிறீம் வண்டிக்குப் பின்னால் பையனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அறிவிப்பு இரண்டு தரம் வந்தது. தவம் அதை மொழிபெயர்த்தும் சொல்லியிருக்கிறான். நான் படகால் இறங்கிக் கூண்டில் பையனைக் கண்டபோது நாற்பது நிமிடம் போயிருந்தது. நதியைப் பார்த்துப் பார்த்துச் செல்வத்தின் முகம் சாம்பலாகியிருந்தது. பையனைக் கட்டிப்பிடித்து அழுது முடித்த பிறகு என்னிடம் சொன்னான்: “எங்களுக்குக் கேட்டது அண்ணை. ஆரோ இந்தியன்ரை பிள்ளையாக்கும், பாவம் எண்டு சொல்லிப்போட்டு நாங்கள் எங்கடை பிள்ளையைத் தேடினனாங்கள்.”

கோப்பி இயந்திரத்துக்கு மேலே

அன்றிரவு ஒரு பக்கத்தில் துண்டுப்பிரசுரம் எழுதினேன். தலைப்பு: காணாமல் போன பிள்ளைக்கு முதலில் ஒரு பெயர் இருக்கிறது. கோரிக்கை ஒன்றே ஒன்று: எந்தப் பிள்ளையானாலும் பெயரைச் சொல்லிக் கூப்பிடவேண்டும். என் ஜேர்மன் மொழியில் இருந்த பிழைகளைத் திருத்தியவர் திருமதி பெக்கர்தான். விதியை வாசித்ததும் அவர்தான், விதிக்கு எதிரான பிரசுரத்தைத் திருத்தியதும் அவர்தான். இடைவேளையில் எல்லாரும் குடிக்க வரும் கோப்பி இயந்திரத்துக்கு மேலே ஒட்டினேன். கெஸ்லர் கிழித்தார். ஒட்டினேன். கிழித்தார். அடுத்த கோடை முழுவதும் இப்படியே போயிற்று. நீயே ஒலிவாங்கியில் தமிழில் சொல்லிவிடேன் என்று சில தோழர்கள் யோசனை சொன்னார்கள். நான் மறுத்தேன். நான் கூப்பிட்டால் அது பரராசசிங்கம் செய்த உதவி. நிறுவனம் கூப்பிட்டால்தான் அது உரிமை.

முதலில் கையெழுத்துப் போட்டவர் இயந்திர அறையில் வேலை செய்த கெமால். பிறகு பதினொரு பேர். வால்டோர்ஃப் பொறியாளரும் தான் பட்ட பதற்றத்தை விளக்கி இரண்டு பக்கத்தில் ஒரு முறைப்பாடு அனுப்பினார். அதனால் மூன்றாம் கோடை தொடங்குமுன் பணியாளர் கூட்டத்தில் விஷயம் வந்தது. கெஸ்லர் எழுந்து ஒரு நிபந்தனை வைத்தார். பயணிகள் முன்னால், உண்மையான தேவைக்கு, இப்படி ஒரு பெயர் தடுக்காமல் வாசிக்கப்படவேண்டும். பிள்ளையின் வீட்டார் முதல் அழைப்பிலேயே வந்து சேரவேண்டும். அப்படி நடந்தால் விதியை மாற்றுவார். நடக்காவிட்டால் நான் இனி எந்தச் சுவரிலும் எதையும் ஒட்டக்கூடாது. நான் ஒப்புக்கொண்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். பின் வரிசையிலிருந்து திருமதி பெக்கர் கேட்டார்: “வாசிக்கப் போகிறவள் நான். என்னிடம் யாராவது கேட்டீர்களா?”

பென்சில் கோடு

ஏகாதிபத்தியம் என்ற சொல்லைச் சுருட்டுக் கொட்டிலில் நான் வாசிக்கப் பழகியது பென்சிலால் துண்டு துண்டாக வெட்டித்தான். ஒவ்வொரு துண்டும் சிறியது. சிறியதைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. அதே முறையில் திருமதி பெக்கருக்கு மதிய இடைவேளைகளில் பாடம் நடந்தது. பெயரை ஜேர்மன் எழுத்தில் எழுதி, இரண்டு மூன்று எழுத்துக்கு ஒரு கோடு போட்டுக் கொடுப்பேன். அவர் ரொட்டியைக் கடித்துக்கொண்டே வாசிப்பார். தவத்தின் சொந்தக்காரர் பட்டியலில் பாதிப் பேரை முடித்துவிட்டோம்.

பத்தாம் நாள் என் பெயரை எழுதிக் கொடுத்தேன். நாலு துண்டு. முதல் தரம் மெதுவாக, இரண்டாம் தரம் ஓட்டமாக வாசித்தார். மூன்றாம் தரம் காகிதத்தைப் பார்க்காமல், என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “இத்தனை வருடமும் உன்னைப் பவுல் என்று கூப்பிட்டேனே, நீ ஏன் ஒரு தடவைகூட என்னைத் திட்டவில்லை?”

ஒன்பது வினாடி

ஆடி மாதத்து ஞாயிறு. நாலரை மணிப் படகு புறப்பட ஆறு நிமிடம் இருந்தது. ரிக்கற் கூண்டுக்கு முன்னால் சிவப்புச் சட்டை போட்ட ஒரு சிறுமி தனியாக நின்றாள். அழவில்லை. சுற்றிவரப் பார்த்தேன், அவளுக்குரிய முகம் ஒன்றும் தென்படவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவள் தவம் வெள்ளிக்கிழமை விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்த புதிய குழுவில் ஒருத்தி. பதினொரு பேர் மேலே தேவாலய முற்றத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் பிள்ளை மற்றவரோடு நிற்கிறாள் என்று நினைத்திருக்கிறார்கள். எங்கள் சனத்துக்குப் பிள்ளை தொலைவது ஆள் குறைவால் அல்ல, ஆள் கூடியதால்தான்.

கெஸ்லர் எங்கிருந்தோ வந்துவிட்டார். சிவப்புச் சட்டை, இந்தியச் சிறுமி, அவ்வளவு போதும் என்றார். திருமதி பெக்கர் என்னைப் பார்த்தார். நான் கெமாலை இயந்திர அறையிலிருந்து கூப்பிட்டேன். என் கடிதத்தை மடித்து வைத்த பணியாளர் குழுத் தலைவரையும் கோப்பிக் கோப்பையோடு இழுத்து வந்து நிறுத்தினேன். சாட்சிக்கு நில்லுங்கள் என்றேன். பிறகு குனிந்து பிள்ளையிடம் பெயரைக் கேட்டேன். அவள் கால்களைச் சேர்த்து நிமிர்ந்து நின்று, பள்ளிக்கூடத்து இடாப்பில் பெயர் கூப்பிடும்போது பதில் சொல்வதுபோல, தகப்பன் பெயரை முன்னுக்கு வைத்து முழுவதையும் சொன்னாள். அது தவத்தின் பட்டியலில் இல்லாத பெயர். திருமதி பெக்கர் ஒரு தரமும் பழகாதது. எழுதினேன், ஆறு கோடு போட்டேன். அவசரத்தில் ஒரு கோடு வளைந்துவிட்டது. தடுக்கினால் அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு எங்கள் பிள்ளைகளுக்குத் தொப்பியும் சட்டையும்தான் பெயர்.

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கெமால் இயந்திரத்தை நிறுத்தியிருந்ததால் துறை அமைதியாக இருந்தது. இரண்டாம் அழைப்புக்கு வேலையே வரவில்லை. தாய் மேலேயிருந்து படிகளில் ஓடிவந்தாள். பின்னால் தவமும் மிச்சப் பேரும். ஆனால் அவள் முதலில் பயப்படவே இல்லையாம். குரல் கேட்டதும் தவத்தைத் திரும்பிப் பார்த்து, “இஞ்சை என்ரை பிள்ளையைத் தெரிஞ்ச ஆரோ இருக்கினம்போல” என்று சொன்னாளாம். அடுத்த நாள் கோப்பி இயந்திரத்துக்கு மேலே கெஸ்லரே தன் கையால் புதிய விதியை ஒட்டினார். அதை நான் கிழிக்கவில்லை.

மூன்று கோடையாக நடத்திய போராட்டத்தின் வெற்றி முழுவதும் ஒன்பது வினாடிதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு என்றாலும், திருமதி பெக்கர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கெஸ்லரும் கெமாலும் குழுத் தலைவரும் பக்கத்தில் நிற்க, படகிலும் கரையிலும் இருந்த இருநூறு பேர் கேட்க, ஒரு துண்டும் தடுக்காமல் வாசித்தது இது: “நவரத்தினராசா திரிபுரசுந்தரி.”