டின் சத்தம் கேட்டால் வரவேண்டும்

பக்கத்துப் பக்கத்து நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் கூட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கைகளைப் பற்றி ஸ்ரீவில்லிபுத்தூரில் மைக் பிடித்து ஒரு மணி நேரம் பேசியவன் நான். அடுத்த வாரமே என் மனைவியின் தென்னந்தோப்புக்குள் யானை வந்தது. நான் தப்பான பக்கத்தில் நின்றுகொண்டு வெடியைக் கொளுத்திப் போட்டேன். காட்டுக்குத் திரும்புகிற வழியை அடைத்து யானையை ஊர்ப்பக்கம் அனுப்பப் பார்த்தேன் என்பது இதன் பொருள். நான் சொல்லாவிட்டாலும் ராஜபாளையத்து டீக்கடைகளில் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொன்னால் யானைகளும் வெடிகளும் எண்ணிக்கையில் கூடும் என்பதால் நானே முந்திக்கொள்கிறேன்.

பேச்சுக்கு அழைத்தது ஒரு வாசகர் வட்டம். நான் தமாஷாக எழுதுகிறவன். அதனால் கனமான தலைப்பு கொடுத்தால் லேசாகப் பேசுவேன் என்று நினைத்திருக்கிறார்கள். வரைபடமெல்லாம் மாட்டி, ஒரு நாட்டின் மேல் விழுகிற அடி எல்லா நாட்டின் மேலும் விழுந்த அடி என்கிற ஷரத்தை விளக்கினேன். பிறகு அதைக் கிழித்துத் தோரணம் கட்டினேன். ஆபத்து வருகிற அன்றைக்கு யாரும் வரமாட்டார்கள், அவரவர் வீட்டுத் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள் என்றேன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து, “அப்பொ எதுக்கு சார் கையெழுத்துப் போடுதாக?” என்று கேட்டார். “சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்ள” என்றேன். நல்ல கைதட்டல். சால்வையும் போர்த்தினார்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மனைவி சால்வையை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, “எங்க தோப்புக்காரங்க போட்டோ எதுவும் எடுக்கலியே” என்றாள்.

“அது வேற” என்றேன்.

“எது வேற?”

மைக் இல்லாமல் எனக்கு அவ்வளவாகப் பேச வராது.

தோப்பு, அய்யனார் கோவிலுக்குப் போகிற வழியில் மலையடிவாரத்தில் இருக்கிறது. மாமனார் மகளுக்குக் கொடுத்தது. நான் அங்கே விருந்தாளி, காவல் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு தூங்குகிறவன். அவள் அங்கே ஒரு பாதியில் தென்னங்கன்று வைத்து, முதல் கோடையில் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தாள். அந்த வருடம்தான் ஒன்றிரண்டில் முதல் பாளை எட்டிப் பார்த்திருந்தது. தென்னைக்கு இருப்பது ஒரே குருத்து. யானைக்குப் பிடித்ததும் அதுதான். உருவித் தின்றுவிட்டால் மரம் அவ்வளவுதான், மறுபடி துளிர்க்காது. ஆனி மாதச் சாரல் விழ ஆரம்பித்ததிலிருந்து அவள் சாப்பாட்டுத் தட்டில் கை வைத்துக்கொண்டே மலையைப் பார்ப்பாள்.

முன்பெல்லாம் அங்கே ஒவ்வொருவரும் தன் தோப்புக்குள் வந்த யானையைத் தானே விரட்டியிருக்கிறார்கள். எங்கே விரட்டுவது? பக்கத்துத் தோப்புக்குத்தான். அவர் அடுத்த தோப்புக்கு விரட்டுவார். யானைக்கு அது கல்யாணப் பந்தி மாதிரி ஆகிவிட்டது. ஒரு இலையிலிருந்து அடுத்த இலைக்கு நகர்ந்து எல்லா இலையிலும் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறது. அதற்குப் பிறகுதான் எல்லோரும் கூடி, சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். எந்தத் தோப்பில் எண்ணெய் டின் தட்டுகிற சத்தம் கேட்டாலும் எல்லோரும் போக வேண்டும். சண்டையை வேலியிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். யானையை ஊர் இருக்கிற கிழக்கே தள்ளக்கூடாது. மேற்கே மட்டும்தான், அதுவும் ஒரே வழியில். அந்த வழி மில்லுக்காரர் தோப்பில் இருக்கிறது. எங்களுக்கு மேற்கே அவர் தோப்புதான் கடைசி. அதைத் தாண்டினால் காடு. தன் மாந்தோப்பின் நடுவே ஒரு வண்டிப்பாதை அகலத்துக்கு எதுவும் நடாமல், வேலியும் போடாமல் யானைக்கு விட்டிருக்கிறார்.

என்னையும் சூடத்தில் கை வைக்கச் சொன்னார்கள். நான் அணிசேராக் கொள்கைக்காரன் என்றேன். “தோப்பு என்னுதுதான, நான் வைக்கேன்” என்று மனைவி கை வைத்துவிட்டாள்.

வடக்குத் தோப்புக்காரர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் பட்டாளத்தார். மனைவிக்கு அண்ணன் முறை, ஆகவே எனக்கு மச்சான். அவருக்கும் மில்லுக்காரருக்கும் ஒரு கிணற்றுக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வழக்கு. பேச்சு வார்த்தை கிடையாது. ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போவதில்லை. இந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு ஒரு கூட்டணியா என்பதுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் பேச்சின் உள்ளே ஓடிய சந்தேகம்.

யானை வந்த அன்று சாயங்காலம் வெளிச்சம் இன்னும் இருந்தது. சாரல் விட்டு, மலை குளித்துத் துவட்டாமல் நின்றமாதிரி இருந்தது. நான் கொட்டகையில் என் தொழிலைச் செய்துகொண்டிருந்தேன், அதாவது தூங்கிக்கொண்டிருந்தேன். டின் சத்தம் கேட்டு எழுந்தால், தோப்பின் கீழ்க்கோடியில் மனைவி நின்று தட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் எனக்கும் நடுவே, கன்றுகளுக்குள், மூன்று யானைகள். இரண்டு பெரியவை, ஒரு குட்டி. பெரியதில் ஒன்று ஒரு குருத்தை உருவி, வேர்க்கடலைச் செடியில் மண்ணைத் தட்டுவதுபோல முன்காலில் தட்டிக்கொண்டிருந்தது.

கொட்டகையில் தீபாவளிக்கு மிஞ்சிய ஆட்டம்பாம் ஒரு பெட்டி இருந்தது. அணு ஆயுதத்தை முதலில் நாங்கள் பயன்படுத்தமாட்டோம் என்று சொல்லும் நாடுகளை நான் மேடையில் பாராட்டியிருக்கிறேன். ஒன்றைப் பற்றவைத்து யானைகளைப் பார்த்து எறிந்தேன். கொட்டகை இருப்பது மேற்கு ஓரத்தில் என்பது அந்த நேரத்தில் மறந்துபோனது. யானைகளுக்கும் காட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு நான் வெடித்திருக்கிறேன்.

தாய் யானை பிளிறியதை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது. அது குட்டியை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டு கிழக்கே திரும்பி ஓடியது. கிழக்கே என் மனைவி இருந்தாள். அவள் கன்றுகள் காலடியில் முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவள் டின்னைக் கீழே போட்டுவிட்டு ஒரு பெரிய தென்னை மறைவுக்குப் போனாள்.

“ஏமண்டி! ஏமண்டி! அந்தப் பக்கமாவா போடுவாங்க?” என்று என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். மில்லுக்காரர். பதற்றத்தில் அவருக்கு வீட்டுத் தெலுங்கு வந்துவிட்டது. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, கையில் டின்னோடு வந்து, என் சட்டையைப் பிடித்துத் தெற்கே இழுத்து ஒரு மரத்தோடு நிறுத்தினார். “இங்கேயே நில்லுங்க. எதையும் தொடாதீங்க.”

அதற்குள் கிழக்கு வரப்பில் ஆட்கள் வந்துவிட்டார்கள். எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியவில்லை. ஒருவர் சோப்பு நுரையோடு வந்திருந்தார். ஒரு அம்மாள் சோற்றுக்கரண்டியால் சட்டியைத் தட்டிக்கொண்டு வந்தார். யாரும் யாரிடமும் எங்கே நிற்க என்று கேட்கவில்லை. வடக்கு, கிழக்கு, தெற்கு என்று மூன்று பக்கமும் ஆள் நின்றது. மேற்கு மட்டும் திறந்திருந்தது. யானைகள் நடுவில் சுற்றின.

வடக்கே நின்ற பட்டாளத்தார் கையை உயர்த்தினார். அத்தனை சத்தமும் நின்றது.

குட்டி இருப்பதை அவர் பார்த்திருக்கிறார். சத்தம் நின்ற தோப்பில் மரத்திலிருந்து நீர் சொட்டுவது கேட்டது. இருபது முப்பது பேர் டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிற்க, பட்டாளத்தார், ரிசப்ஷனில் வழி தெரியாத விருந்தாளியிடம் சொல்வதுபோல, “சாமி, ஒங்க பாதை அங்கிட்டு இருக்கு. புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போங்க. யாரும் ஒண்ணும் செய்யமாட்டோம்” என்றார்.

தாய் யானை காதை விரித்து அவரைப் பார்த்தது. எம்புட்டு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பிறகு குட்டியைத் தும்பிக்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மேற்கே நடந்தது. நான் நின்றிருக்கக்கூடாத இடத்தைக் கடந்து, மில்லுக்காரர் விட்டிருந்த பாதைக்குள் போயின. பாதை ஓரத்தில்தான் அந்த வழக்குக் கிணறும் அதன் மோட்டார் ரூமும். யானைகள் அந்தப் பக்கம் திரும்பிவிடாமல் இருக்க யாராவது அங்கே நிற்க வேண்டும். நின்றவர் பட்டாளத்தார். வேலிக்குக் குறுக்காகப் போய், எதிராளியின் மோட்டார் ரூம் கதவில் முதுகைச் சாய்த்து, கையில் ஒன்றுமில்லாமல் நின்றார். மூன்று யானைகளும் அவர் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் போயின. போகிற போக்கில் பின்னால் வந்த யானை மில்லுக்காரரின் ஒரு மாங்கிளையை ஒடித்துக்கொண்டது. மில்லுக்காரர் கைகூப்பி நின்றார்.

நான் மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கியது. வெடிப்புகை என்று அப்போது சொன்னேன். இப்போது சொல்லவில்லை. அந்த இடத்தில் மலை, யானை, மனுசன் எல்லாமே நான் நினைத்துவைத்திருந்ததைவிடப் பெரிய அளவில் செய்யப்பட்டிருந்தன.

யானைகள் மரங்களுக்குள் மறைந்ததும் பட்டாளத்தாரும் மில்லுக்காரரும் சொல்லிவைத்தமாதிரி ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மில்லுக்காரர் என் மனைவியிடம், “ஏம்மா, வியாழக்கிழம வாய்தா. அவரு போன வாட்டி மாதிரி வராம இருந்துறப் போறாரு, சொல்லி வைங்க” என்றார். கேட்கிற தூரத்தில் நின்ற பட்டாளத்தாரும் அவளிடமே, “வாரேன்னு சொல்லு தங்கச்சி” என்றார்.

நான் பட்டாளத்தாரின் கையைப் பிடித்துக்கொண்டேன். “மச்சான், எதிரி வீட்டுச் சொத்துக்கு முன்னால போயி உசிரக் குடுத்து நின்னீங்களே!”

“எதிரி சொத்தா? தீர்ப்பு எனக்குத்தான வரும் மாப்ள. ஒடஞ்ச மோட்டார வாங்கி நான் என்ன செய்ய?”

அவர் எதற்காக நின்றிருந்தாலும் நின்றார். உலகத்துக் கூட்டணிகள் எல்லாம்கூட இப்படி ஏதோ ஒரு மோட்டாருக்காகத்தான் இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும், டின் சத்தத்துக்கு ஆள் வந்ததை நான் பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மறுபடி போய், முன்வரிசைப் பெரியவரைத் தேடிப் பிடித்து, நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும் என்று அங்கேயே தீர்மானித்தேன்.

மனைவி அதற்குள் கன்றுகளுக்கிடையே போய்விட்டாள். குனிந்து குனிந்து ஒவ்வொரு குருத்தையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிக்குமேல் நின்றன. பாளை விட்டவை இரண்டும் பிழைத்திருந்தன. நான் பின்னாலேயே போய், அக்கம்பக்கத்து நாடுகள் பற்றி என் கருத்து மாறிவிட்டதை உணர்ச்சிவசப்பட்டு விளக்கினேன். அவள் ஒரு முறிந்த கன்றை நிமிர்த்திப் பார்த்தாள். அது நிற்கவில்லை.

“யானை பசிக்குத் தின்னது அந்த ஓரத்துல ரெண்டுதான். மத்ததெல்லாம் ஒங்க வெடிக்கு மெரண்டு மிதிச்சது” என்றாள். “அண்ணங்கிட்ட சொல்லிட்டேன். இனிமே யானை வந்தாலும் சரி, நீங்க தோப்புக்கு வந்தாலும் சரி, டின்னத் தட்டிருவேன். அவிய வந்துருவாக.”