புகை போன பிறகும் போகாத கூட்டம்

ஐ.சி.யூ.வில் ஆயா வேலை என்பது, மூச்சு வாங்குகிறவர் பக்கத்தில் நின்று நம் மூச்சைப் பிடித்துக்கொள்கிற வேலை. பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். பெட்பான் தூக்கியவர்களுக்கும், கண்ணாடிக் கதவுக்கு வெளியே காத்துக் கிடந்தவர்களுக்கும் நான் சொல்வது புரியும்.

மாடு பிழைத்தது

செட்டிகுளம் செல்வராசு வீட்டில் மக்காச்சோளத் தட்டைப் போர் தீப்பிடித்தது. கொட்டகையில் கட்டியிருந்த மாட்டை அவிழ்க்க மனுஷன் புகைக்குள் ஓடியிருக்கிறார். உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை, இருமல் மட்டும்தான். மறுநாள் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் இங்கே கொண்டுவந்தார்கள். விரலில் மாட்டிய கிளிப், ரத்தத்தில் ஆக்சிஜன் எண்பத்திரண்டு என்று காட்டியது. தொண்ணூறுக்கு மேல் இருக்க வேண்டியது.

மாஸ்க் போட்டு ஆக்சிஜன் வைத்தோம். "நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள ஏறலேன்னா தொண்டையில குழாய் போடணும்" என்றார் டாக்டரம்மா. குழாய் போட்டு எழுந்திருக்காதவர்களை நான் பார்த்திருக்கிறேன். செல்வராசுவோ மாஸ்க்கை விலக்கிக்கொண்டு கேட்டார்: "ஆயாம்மா, மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுவா?"

அணைக்க வந்தவர்கள்

அவர் மனைவி பவுனு டாக்டரம்மாவிடம் சண்டைக்கே போய்விட்டாள். "புகையக் குடிச்சது நேத்து. இன்னிக்கு ஏன் ஜாஸ்தியாவுது?"

"நுரையீரல்ல காவலுக்கு இருக்குற செல்லுங்க, புகை பட்டதும் கத்திக் கூப்புட்டுடுச்சு. ரத்தத்துலேர்ந்து வெள்ளையணுங்க கூட்டமா வந்து எறங்கிடுச்சு. அதுங்க கக்குறதுல நல்ல இடமும் புண்ணாவுது, காத்து போற இடத்துல தண்ணி கோத்துக்குது."

"அப்ப மொத்தமா வெரட்ட ஒரு ஊசியப் போடுங்க!"

"வெரட்டிட்டா, நாளைக்குக் கிருமி வந்தா யாரு தடுப்பா? அளவா அடங்கணும்மா."

பவுனு சொன்னாள்: "எங்க வூட்டுலயும் அதாங்க நடந்துச்சு. தீய அணைக்க வந்தவங்க மிதிச்சுதான் வெங்காயம் சேத்து வச்சிருந்த பட்டறையே சாஞ்சுச்சு!"

நெற்றிக்குத் திருநீறு

முதுகுப் பக்கத்து நுரையீரல் விரியட்டும் என்று குப்புறப் படுக்க வைப்போம். நானும் நர்ஸும் செல்வராசுவைத் திருப்பி, நெஞ்சுக்கு ஒரு தலையணை கொடுத்தோம். எண்பத்தெட்டுக்கு ஏறியது. நான் விரிப்பு எடுக்கப் போன நேரம், உடையார்பாளையத்திலிருந்து அவருடைய மச்சினர் வந்திருக்கிறார். கையில் செட்டிகுளம் மலை முருகன் திருநீறு. பூச நெற்றி வேண்டுமே! அவரே புரட்டி மல்லாத்திவிட்டார்.

மிஷின் கத்தியது. ஓடி வந்து பார்த்தால் எழுபத்தொன்பது. மச்சினரையே ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லித் திரும்பக் குப்புறப் போட்டோம். எண்பத்துமூன்று, எண்பத்தேழு, தொண்ணூறு... மச்சினர் மிஷினையே கண் எடுக்காமல் பார்த்தார். "பிடரியில பூசுங்க, அதுவும் போய்ச் சேரும்" என்றேன். பயபக்தியாகப் பூசிவிட்டுச் சொன்னார்: "முருகன்கூட மன்னிப்பான் ஆயாம்மா, இந்த மிஷினு மன்னிக்காது போலருக்கே!"

நம்ம ஆளுங்க

மறுநாள் சாயந்திரம் தொண்ணூற்றுமூன்று. தயாராக எடுத்து வைத்திருந்த குழாயைப் போடாமலே திருப்பி வைத்தார்கள். மாப் குச்சியோடு சந்தோஷத்தில் நான் ஆடிய ஒரு சுற்றை நர்ஸ்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நாலு நாள் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில், நுரையீரலில் படர்ந்திருந்த வெள்ளை மேகம் கலைந்திருந்தது. எப்படி என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அந்தக் காவல் செல்லு இருக்குல்ல, அந்த ஜாதியில சிலது இப்ப வேற வேலைக்கு மாறிடுச்சு. செத்த வெள்ளையணுவைத் தின்னு சுத்தம் பண்ணுது. போதும், இனி யாரும் வராதீங்கன்னு சேதியும் அனுப்புது."

"அப்ப உள்ளயும் நம்ம ஆளுங்கதான் வேலை பாக்குறாங்கன்னு சொல்லுங்க!" என்றேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை, தலையாட்டினார்: "உள்ள அதுங்க, வெளிய நீங்க. நடுவுல நான் கையெழுத்து போட்டேன், அவ்வளவுதான்."

டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்தெல்லாம் வரிசையாக இருந்தது, உள்ளேயும் வெளியேயும் கூட்டிப் பெருக்கியவர்கள் பேர் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் செல்வராசு ஆஸ்பத்திரிப் படி அத்தனையும் மூச்சு வாங்க எங்கேயும் நிற்காமல் இறங்கிப் போனார்.