அப்பாவின் கையில் இல்லாத கடிகாரம்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவருடைய நல்ல குணங்களை இந்த நினைவு மலரைப் படிக்கும் உறவினர்களும் நண்பர்களுமான நீங்கள் நன்றாகவே அறிவீர்கள். மூத்த மகளான நான் எழுத வேண்டியது ஒரு பயத்தைப் பற்றி.

அயனம்பாக்கத்தில், பிறர் வயலில் நாற்று நட்ட குடும்பத்தில் அப்பா பிறந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, மழையோ வெயிலோ சைக்கிளிலேயே போய் வந்து, என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். ஓய்வு பெற்ற பிறகு பருத்திப்பட்டு வீட்டில் நாற்காலியை விட்டு எழுவதே குறைந்துபோயிற்று.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்தன. "தினமும் நடங்க. நெஞ்சுல ஏதாவது பண்ணுச்சுன்னா நின்னுடுங்க, உடனே வந்து சொல்லுங்க" என்றார் டாக்டர். நான் பூந்தமல்லியில் இருப்பவள். வீட்டருகே ஏரிக்கரை நடைபாதையில் நடக்கட்டும் என்று, காலடிகளை எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கி அப்பாவுக்குக் கட்டிவிட்டேன். அந்த எண்ணிக்கை என் செல்போனிலும் தெரியும். "நடக்கலைன்னா அப்புறம் படுத்த படுக்கைதான்" என்று மிரட்டவும் செய்தேன். பயமுறுத்தினால்தான் நடப்பார் என்று நினைத்தேன்.

தினமும் ஏழாயிரம், எட்டாயிரம் என்று காட்டியது. மாலையில் "நடந்தீங்களாப்பா?" என்று போனில் கேட்பேன். "அதான் வாச்சு சொல்லுதே, இன்னும் இன்னா கேள்வி" என்று சிரிப்பார். நானும் நிம்மதியாக இருந்தேன்.

ஒரு நாள் காலை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அப்பா போய்விட்டார்.

தகனம் முடிந்த மூன்றாம் நாள்தான் செல்போனைப் பார்த்தேன். அப்பாவின் பெயருக்கு நேராக, அன்றைய தேதியில், ஆறாயிரத்துச் சொச்சம். எரித்துவிட்டு வந்தோமே, இப்போது எங்கே நடக்கிறார்?

அப்பா வீட்டு வாசலில், தினமும் பால் பாக்கெட் போடும் அக்கா நின்றிருந்தார். அவர் மணிக்கட்டில் அப்பாவின் கடிகாரம்.

"திட்டாதம்மா" என்று அழுதார். "அண்ணாத்தேதான் குட்த்தாரு. ஏரிக்கரையில ரெண்டாவது வளைவாண்ட போனாலே நெஞ்ச அடைக்குதாம். 'ரோட்ல உய்ந்தா அநாதப் பொணமா தூக்கினு பூடுவாங்க, பயமா கீது. எம் பொண்ணாண்ட சொன்னா ஆஸ்பத்திரில போட்ருவா. நீ தெருத்தெருவா நடக்கற, கட்டிக்கினு போ, அவ நிம்மதியா இருக்கட்டும்'னாரு. திருப்பிக் குடுக்கலாம்னு கட்டிக்கினு வரேன், ஊட்டு வாசல்ல நின்னு பயந்துகினு பூட்றேன்."

அப்பா ஏரிக்கரைக்குப் பயந்தார். அதைவிட அதிகமாக எனக்குப் பயந்திருக்கிறார்.

இப்போது அதே டாக்டர் என்னையும் நடக்கச் சொல்லியிருக்கிறார். அந்தக் கடிகாரத்தையே கட்டிக்கொண்டு அதே ஏரிக்கரைக்குப் போகிறேன். இரண்டாவது வளைவு வந்ததும் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. நோயா, பயமா என்று தெரியாமல் அங்குள்ள பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறேன். முதல் நாளே டாக்டரிடமும் வீட்டிலும் சொல்லிவிட்டேன். சொல்லவும் பயமாகத்தான் இருந்தது.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டாருக்கும், காரியம் முடியும் வரை எங்களுக்குச் சமைத்துப் போட்ட அத்தைக்கும், தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பால் அக்காவுக்கும் நன்றி. அவரை யாரும் குறை சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

"நடந்தீங்களாப்பா" என்று நான் தினமும் கேட்டேன். "நடக்க முடியுதாப்பா" என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.